நான் போகாத போலந்து

1

போன செவ்வாய்க்கிழமை டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்க ஃப்ரீமான்ட் டிஎம்வி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு விசா முடிகிற தேதியில் லைசென்ஸும் முடிந்துவிடும். நீட்டிப்புக் கடிதம் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கவுன்டரில் இருந்த பெண்மணி கடிதத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பதினாறு வருஷமாக இங்கே இருக்கிறீர்கள். இன்னும் டெம்பரரியா?"

"ஆமாம்."

"நான் இந்த ஆபீசில் சேர்ந்தே ஒன்பது வருஷம்தான் ஆகிறது" என்றார். கேமராவைக் காட்டி, "சிரிக்கலாம், தப்பில்லை" என்றார். நான் சிரித்தேன். அச்சடித்த தற்காலிகத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தேன். கிளம்ப மனம் வரவில்லை. கால் மணி நேரம் அப்படியே இருந்தேன்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் முன்பெல்லாம் முதலில் கேட்பது, கிரீன் கார்டு வந்துடுச்சா என்றுதான். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, கேட்பவர்களுக்கே சங்கடமாகி இப்போது நிறுத்திவிட்டார்கள். அதனால் நானே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கார்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் எழுதிய ஒரு திட்டத்தைப் பற்றியும், அது நடக்கிற ஊருக்கு நான் இதுவரை போகாததைப் பற்றியும் எழுதுகிறேன்.

என் பெயர் கோகிலா. சொந்த ஊர் நாமக்கல். கணவர் செந்தில், மகள் தாரணி. மூன்று பேரும் அமெரிக்காவுக்கு வந்தபோது தாரணிக்கு ஆறு வயது. எனக்குத்தான் வேலை விசா. அவர்கள் இருவரும் என் விசாவை ஒட்டிக்கொண்டு இருப்பவர்கள். என் வேலை போனால் அறுபது நாளில் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். வந்த நாளிலிருந்து இந்த அறுபது என்ற எண் எங்கள் வீட்டில் நான்காவது ஆள் மாதிரி கூடவே இருக்கிறது. புது சோபா வாங்கலாமா என்று பேசினாலும் அதுவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

2

எங்கள் கம்பெனி கார்களுக்கும் லாரிகளுக்கும் பேட்டரி செய்கிறது. ஐரோப்பாவிலும் நிறைய விற்கிறோம். அங்கே புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். பேட்டரி விற்கிறவன் அது செத்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு, இன்னும் சில வருடங்களில், புதிதாகச் செய்யும் பேட்டரிக்குள் பழைய பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த உலோகம் குறிப்பிட்ட அளவு இருந்தாக வேண்டும். அதாவது, பழைய பேட்டரி கையில் இல்லாதவன் அங்கே புதிய பேட்டரியும் விற்க முடியாது.

என் மேலதிகாரி டேன் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். கூட்டத்தில் யார் பேசினாலும், கடைசி வரிசையில் இருப்பவர் பேசினாலும், பேனா எடுத்துக் குறித்துக்கொள்கிற மனிதர். "ஐரோப்பாவில் ரீசைக்ளிங்கில் நாம் எப்படி இறங்குவது? நான்கு மாதத்தில் ஒரு திட்டம் வேண்டும். நீங்கள் எழுதுங்கள்" என்றார்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் ஆலையைப் பற்றித்தான் பேசினார்கள். சொந்தமாகக் கட்டுவதா, இருப்பதில் ஒன்றை வாங்குவதா, உள்ளூர்க்காரர்களோடு கூட்டுச் சேருவதா. படம் போட்டுக் காட்டினார்கள். எனக்கு ஆலை கண்ணில் படவே இல்லை. அங்கே வந்து சேரப்போகும் பழைய பேட்டரிகள் இப்போது யார் கையில் இருக்கின்றன என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. நாமக்கல்லில் சேலம் ரோட்டில் அப்பாவுக்கு லாரி பேட்டரிக் கடை இருந்தது. புதிய பேட்டரி விற்பதில் அவருக்கு லாபமாக நின்றது கொஞ்சம்தான். பழையதைக் கழற்றி வாங்குவதில்தான் கடை ஓடியது. பழையது கைக்கு வர வேண்டும் என்பதற்காகப் புதியதன் விலையைக் குறைப்பார். ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக மொபெட்டில் போய் ஃபோர்மேன்களைப் பழக்கம் பிடித்து வைத்திருப்பார். லோடு சேர்ந்துவிட்டால் ஈயம் உருக்கும் பட்டறைக்காரன் அவரைத் தேடி வருவான். லோடு இல்லாத நாளில் பட்டறையில் அடுப்பு எரியாது.

அந்த வியாபாரத்தை நினைத்து நான் உருகுவதில்லை. அது சுத்தமான வியாபாரம் அல்ல. ஆசிட்டைக் கடைக்குப் பின்னால் சாக்கடையில் ஊற்றுவார்கள். பட்டறையில் வேலை பார்த்த மாரியண்ணனுக்கு உடம்பில் ஈயம் ஏறி, வலது கை மணிக்கட்டு தொங்கிப்போனது. டீ கிளாஸை இடது கையால் வாங்குவார். நான் மெட்டலர்ஜி படிக்கப் போனதற்கு அந்தக் கை ஒரு காரணம். ஆனால் பழைய பேட்டரி எப்படிக் கைமாறும் என்பதைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. அது நான் கடையில் பார்த்ததுதான்.

அன்று கூட்டத்தில் எழுந்து, "முதலில் ஆலை வேண்டாம், முதலில் எக்ஸ்சேஞ்ச் வேண்டும்" என்றேன். பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குவதற்கு எங்கள் கடையில் அதுதான் பேர். வீடியோவில் இருந்த ஜெர்மன் வக்கீல் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "எந்த எக்ஸ்சேஞ்ச்? ஃப்ராங்க்ஃபர்ட்டா? கம்பெனியைப் பங்குச் சந்தையில் பட்டியலிடப் போகிறீர்களா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் ஆகியும் இப்படி ஒரு சொல் நடுவழியில் என்னை இறக்கிவிட்டுப் போய்விடும். நான் விளக்கிச் சொன்னேன். டேன் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு போலந்தில் இருக்கும் அக்னியெஷ்கா என்ற பெண்ணோடு தினமும் காலை ஆறு மணிக்குப் பேச ஆரம்பித்தேன். வ்ரோட்ஸ்வாஃப் என்ற ஊரில் இருக்கிறாள். அந்த ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்து நான் ஒரு மாதம் ரோக்லா, ரோக்லா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்தினால் நான் வருத்தப்படுவேனோ என்று அவள் விட்டுவிட்டாளாம். முன்பு பழைய கார்களை உடைக்கிற யார்டுகளின் சங்கத்தில் வேலை பார்த்தவள். எங்கள் கம்பெனி அவளை ஆலோசகராக வைத்திருந்தது.

"நேரில் வா. யார்டுக்காரர்கள் போனில் பேசுகிறவர்களை நம்ப மாட்டார்கள்" என்றாள்.

வர முடியாது என்று சொன்னேன். அமெரிக்காவுக்குள் இருக்க என்னிடம் கடிதம் உண்டு. வெளியே போனால் திரும்பி உள்ளே வரப் பாஸ்போர்ட்டில் முத்திரை வேண்டும். அந்த முத்திரை எப்போதோ காலாவதியாகிவிட்டது. புதிதாகக் குத்த இந்தியாவுக்குப் போய்த் தூதரகத்தில் தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். அது எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

"அப்படியானால் நீ வெளியே போகலாம், ஆனால் போக முடியாது" என்றாள்.

"அப்படித்தான்."

மறுநாளிலிருந்து அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு யார்டு யார்டாக நடந்தாள். சேறும் பனியும் கலந்த தரை, மரப்பெட்டிகளில் அடுக்கிய பேட்டரிகள், கம்பளித் தொப்பி போட்ட கிழவர்கள், எல்லா யார்டிலும் ஒரு நாய். நான் ஃப்ரீமான்ட்டில் அடுப்படி மேசையில் காபியோடு உட்கார்ந்து, பெட்டியைத் திருப்பு, அடியில் என்ன இருக்கிறது காட்டு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு கிழவர் விலை சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இன்னும் குறைப்பார், விடாதே" என்றேன். குறைத்தார். அக்னியெஷ்கா போனைத் தன் முகத்துக்குத் திருப்பி, "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எங்கள் ஊர் ஃபோர்மேன்களும் அப்படித்தான் சொறிவார்கள்.

3

திட்டத்தின் பதினொன்றாவது பக்கத்தில் சிக்கிக்கொண்டேன்.

பழைய லித்தியம் பேட்டரியை அரைத்தால் கறுப்புத் தூள் ஒன்று வரும். உலோகம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அரைப்பதை ஐரோப்பாவில் வைத்துக்கொண்டு, தூளை மட்டும் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து இங்கே பிரித்தெடுக்கலாம். அது ஒரு வழி. அப்படிச் செய்தால் எங்கள் குழு ஃப்ரீமான்ட்டிலேயே இருக்கும். இல்லையென்றால் அரைப்பது, பிரிப்பது, கொள்முதல் என்று எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிடலாம். அப்போது குழுவும் அங்கே போக வேண்டும். ஃப்ரீமான்ட்டில் அந்த வேலையே இருக்காது.

அதாவது, என் வேலை இருக்காது.

மூன்று வாரம் முதல் வழியை நியாயப்படுத்த உட்கார்ந்தேன். அந்தத் தூளை அபாயகரமான கழிவு என்று அங்கே வகைப்படுத்தியிருக்கிறார்கள். கப்பல் ஏற்ற ஒவ்வொரு நாட்டின் அனுமதியும் வேண்டும். கடிதம் போய்க் கடிதம் வர மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கள் ஆபீசில் யாரும் இல்லை. இருந்தும், அனுமதி சீக்கிரம் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

செந்திலிடம் சொன்னேன். அவர் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறார். அந்த வேலைக்கான அனுமதியும் என் விசாவிலிருந்து வந்ததுதான். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏன் கோகிலா, ரெண்டு வழியும் வழிதானே? மொதல் வழியவே எழுதிக் குடுத்துரு. முடிவு பண்றது அவங்க."

"அது ஓடாதுங்க. எனக்குத் தெரியும்."

"அவங்களுக்குத் தெரியாதல்ல?"

"தெரியாது. நான் எழுதுனா நம்புவாங்க. அதாங்க பிரச்சனை."

அவர் குழாயை மூடினார். "தாரணிக்குக் காலேஜ் முடியட்டும். அதுவரைக்கும் எங்கயும் அசைய வேண்டாம். அவ்வளவுதான் நான் சொல்றது."

மறுநாள் காலை அக்னியெஷ்காவுக்குப் பக்கத்தை அனுப்பினேன். படித்துவிட்டு, "இது நீ எழுதினது மாதிரி இல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுட்டது. அந்தக் கிழவர்களிடம் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துவிட்டு, தூள் கப்பலேறாமல் கிடங்கில் கிடந்தால், அடுத்த வருடம் அவர்கள் எங்கள் போனை எடுக்க மாட்டார்கள். அப்பா ஒரே ஒரு முறை லோடைத் தூக்காமல் விட்டதற்கு ஒரு ஃபோர்மேன் ஏழு வருடம் கடைப்பக்கம் வரவில்லை.

பதினொன்றாம் பக்கத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எல்லாம் அங்கேயே நடக்க வேண்டும், குழு அங்கே இருக்க வேண்டும், ஃப்ரீமான்ட்டில் இந்தப் பிரிவு தேவையில்லை. இருபது வரிகூட இல்லை. எழுதிய அன்றைக்கே டேனுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு நாள் வைத்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

4

திட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். டேன் என் அறைக்கே வந்தார். "இதை நடத்த உங்களை விட்டால் யார்? வ்ரோட்ஸ்வாஃபுக்குப் போங்கள். முதலில் இரண்டு வருடம்" என்றார். ஊரின் பெயரைச் சரியாகச் சொன்னார். வீட்டில் சொல்லிப் பழகியிருப்பார்.

கம்பெனி வக்கீலிடம் பேசினேன். பல வருடமாக நாங்கள் நிற்கும் கிரீன் கார்டு வரிசையில் எங்கள் இடம் போகாது என்றார். ஆனால் நான் அங்கே வேலைக்குப் போய்விட்டால், என் விசாவை ஒட்டி இங்கே இருக்கும் இருவரும் இருக்க முடியாது. தாரணி அப்போது கல்லூரியில் மூன்றாம் வருடம். அவள் தனியாக மாணவர் விசாவுக்கு மாறலாம். மாறும்வரை என்ன, மறுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "டெக்னிக்கலி, பாசிபிள்" என்றார் வக்கீல். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பயம் தரும் இரண்டு சொற்கள் அவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாரணி வீட்டுக்கு வந்திருந்தாள். மௌரி அவென்யூ இந்தியக் கடையில் வாங்கிய முருங்கைக்காயைப் போட்டு சாம்பார் வைத்திருந்தேன். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஆறு வயதில் வந்து இறங்கியபோது வாய் ஓயாமல் நாமக்கல் தமிழ் பேசியவள். பள்ளியில் சேர்ந்த மூன்றாவது மாதம் அது நின்றது. அன்றைக்கு நின்றது என்று நாள் குறித்துச் சொல்ல எங்களால் முடியாது. நாங்கள் விசாக் கடிதங்களின் நாள்களைத்தான் குறித்துக்கொண்டிருந்தோம்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஸோ கோ, அம்மா" என்றாள்.

"நீ என்ன பண்ணுவே கண்ணு?"

"ஐ'ல் ஃபிகர் இட் அவுட்."

"அப்புறம் உன் விசா? நடுவுல ஏதாச்சும் ஆனா படிப்பே நின்னுரும்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "டோன்ட் டூ திஸ் ஃபார் மீ. ப்ளீஸ்."

நான் அவளுக்காகத்தான் செய்தேன். அல்லது அப்படித்தான் நினைத்தேன். திங்கட்கிழமை டேனிடம் போய், "மகள் படிக்கிறாள், போக முடியாது" என்றேன். அவர் உடனே தலையசைத்தார். குழந்தை என்றால் இங்கே யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை. எங்கள் குழுவில் என்னைவிடப் பத்து வயது சின்னவனான ரயன் போனான். போகிறவர்களுக்கு ஆபீசில் கேக் வெட்டினார்கள். திட்டம் எழுதியவள் என்று கத்தியை என் கையில் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவாக வெட்டிக் கொடுத்தேன்.

டேன் எனக்காக மெனக்கெட்டு ஒரு இடத்தை ஏற்பாடு செய்தார். அதற்கு வக்கீல் ஒரு நிபந்தனை போட்டார். கிரீன் கார்டு மனுவில் எந்தப் பதவி எழுதியிருக்கிறதோ அதே பதவி, அதே வேலை விவரம், அதே ஊர் இருக்க வேண்டும். அதனால் இன்றும் என் கதவில் ரீசைக்ளிங் திட்ட மேலாளர் என்று பெயர்ப்பலகை இருக்கிறது. உள்ளே திட்டமும் இல்லை, மேலாண்மை செய்ய ஆளும் இல்லை. ரயன் மாதாமாதம் அனுப்பும் அறிக்கையைப் படித்துச் சுருக்கி மேலே அனுப்புகிறேன். அதில் பாதி நான் திட்டத்தில் எழுதிய வரிகள். எந்தக் கிழவர் எவ்வளவு கொடுத்தார் என்று வரும். பெயரைப் பார்த்ததும் நாயின் நிறம்கூட ஞாபகம் வரும்.

5

தாரணிக்கு இருபத்தொரு வயது ஆனது. அந்த வயதுக்குப் பிறகு பிள்ளை பெற்றோரின் விசாவில் இருக்க முடியாது. பதினைந்து வருடம் இங்கே வளர்ந்தவள், அன்றைக்கு வந்து இறங்கியவளைப் போல மாணவர் விசாவுக்கு மனுப் போட்டாள். பிறந்தநாளுக்கு நண்பர்கள் பலூன் கட்டினார்கள். எங்கள் பரிசு வக்கீல் அனுப்பிய ஃபாரம். அவள் கையெழுத்துப் போட்டாள். கோடைக்கு அவளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த இடத்தில், வேலை அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு பதில் போடவில்லை.

அடுத்த சில மாதம் அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, நின்றபடியே சொன்னாள். மேற்படிப்புக்கு ஜெர்மனியில் டிரெஸ்டன் என்ற ஊரில் இடம் கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் போகிறாள். விண்ணப்பித்ததே எங்களுக்குத் தெரியாது.

செந்தில் சோபாவில் இருந்து எழுந்துவிட்டார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே சாமி."

"நீங்க நோ சொல்லிருப்பீங்க." இந்த ஒரு வாக்கியத்தை அவள் தமிழில் சொன்னாள். மீதியை ஆங்கிலத்தில் சொன்னாள். அங்கே படித்து முடித்தால் வேலை தேட நேரம் தருவார்கள், வேலை கிடைத்தால் சில வருடத்தில் நிரந்தரமாகத் தங்கலாம், வரிசை இல்லை. வரிசை என்ற சொல்லை அவள் எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள்.

"நான் உனக்காகத்தானே கண்ணு இங்கயே இருந்தேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"ஐ நோ, அம்மா. ஐ டிட்ன்ட் ஆஸ்க் யூ டு." கத்திச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடு அவளை இறக்கிவிட்டோம். கூடப் போய் அறை பார்த்து, பாத்திரம் பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவதுதான் முறை. எங்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை. அவள் உள்ளே போன பிறகு, செந்தில் கார் நிறுத்துமிடத்தில் டிக்கெட்டை எங்கே வைத்தோம் என்று பத்து நிமிடம் தேடினார். அது அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

நவம்பரில் ஒரு படம் அனுப்பினாள். டிரெஸ்டனிலிருந்து வ்ரோட்ஸ்வாஃபுக்கு ரயிலில் சில மணி நேரம்தான். அக்னியெஷ்காவின் எண்ணை என்னிடம் கேட்டிருந்தாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. படத்தில் மஞ்சள் சட்டையும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு பேட்டரிப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கிறாள். பக்கத்தில் கம்பளித் தொப்பிக் கிழவர் ஒருவர் சிரிக்கிறார். எனக்கு அவரைத் தெரியும். போனில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

படத்தின் கீழே, "யுவர் யார்ட், அம்மா" என்று எழுதியிருந்தாள்.

6

லைசென்ஸ் எடுத்த மறுநாள், புதன்கிழமை, டேன் மறுபடி கூப்பிட்டார். ரயனின் மனைவிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, அவர்கள் ஊர் திரும்புகிறார்கள். அங்கே ஆள் வேண்டும்.

"உங்கள் மகளும் இப்போது அந்தப் பக்கம்தானே?" என்றார். அவர் முகத்தில், நல்ல செய்தி சொல்கிறவரின் சந்தோஷம். திங்கட்கிழமை சொன்னால் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்து செந்திலிடம் சொல்லும்போதே, அவர் வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன். என் மனதில் அதற்கு எதிர்வாதம்கூடத் தயார்.

"போலாம் கோகிலா" என்றார்.

"உங்க வேலை?"

"போனாப் போவுது. அங்க ஏதாச்சும் தேடிக்கறேன். இல்லீன்னா சமைச்சுப் போடறேன். வீட்டை வாடகைக்கு விட்டுரலாம். பொண்ணைப் பாத்தே எத்தனை மாசம் ஆச்சு."

"அப்புறம் வரிசை?"

"அதுல நம்ம இடம் இருக்கும்னு வக்கீலே சொல்லிருக்காரல்ல. இங்கிருந்தாலும் காத்திருக்கோணும், அங்கிருந்தாலும் காத்திருக்கோணும்."

வியாழன், வெள்ளி, சனி என்று நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வது சரியில்லை. தடையைத் தேடினேன். வக்கீலுக்கு மறுபடி போன் செய்தேன். இடம் போகாது என்றார். ஆனால் திரும்பி வர மறுபடி முதலிலிருந்து விசா எடுக்க வேண்டும், அது கிடைக்குமா என்று உறுதி தர முடியாது என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். மாதாமாதம் அரசாங்கம் வெளியிடும் வரிசைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எங்கள் தேதிக்கு இன்னும் சில வருடம் பாக்கி. ஐந்து வருடத்துக்கு முன்னாலும் சில வருடம்தான் பாக்கி இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை தாரணி பேசினாள். செந்தில் அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறார். வந்தால் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று அக்னியெஷ்காவிடம் கேட்டு வைத்திருந்தாள். ஆற்றோரமாக ஒரு தெருவாம். இத்தனை உற்சாகமாக அவள் என்னிடம் பேசி வருடக்கணக்காகிறது. "சரி கண்ணு, பாக்கலாம்" என்றேன். பாக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"ஓகே, அம்மா" என்றாள்.

திங்கட்கிழமை டேனின் அறைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சரி என்று சொல்லப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தேன். "என்னால் போக முடியாது" என்றேன்.

அவர் பேனாவைக் கையில் எடுத்திருந்தார். "ஏன் என்று கேட்கலாமா?"

மகள் என்று சொல்லிப் பழகிய வாய் அந்தச் சொல்லுக்குத் திறந்து, அப்படியே நின்றது. அடுத்துக் கணவர். அவரையும் சொல்ல முடியாது. காகிதம் என்றால், வக்கீல் இடம் போகாது என்கிறார். பதினாறு வருடம் ஒரே இடத்தில் நின்றவளுக்கு, வரிசை நகராவிட்டாலும் அதை விட்டுக் காலை எடுத்து வெளியே வைக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தமிழிலும் இப்போது எழுதும்போதுதான் சொல்ல வருகிறது.

"டைமிங் சரியில்லை" என்றேன்.

அவர் குறித்துக்கொள்ளவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் வெளியிலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும், அந்தப் பதவிக்கான விளம்பரத்தை எழுதித் தர முடியுமா, உங்களைவிட அந்த வேலையைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லையே என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார்.

என் அறைக்கு வந்து எழுதினேன். உலோகவியல் படித்திருக்க வேண்டும். பழைய பேட்டரி எப்படிக் கைமாறும் என்று தெரிந்திருக்க வேண்டும். யார்டுக்காரர்களோடு நேரில் பேசி நம்பிக்கை பெறக்கூடியவராக இருக்க வேண்டும். சொன்ன தேதியில் லோடைத் தூக்குபவராக இருக்க வேண்டும். கடைசி வரியாக, உடனடியாகப் புறப்படக்கூடியவராக இருக்க வேண்டும்.

இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. டேன் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.